பதினோராவது ஓட்டுநர்

எண்ணிக்கை பதினொன்று என்கிறது. பட்டியலைத் திறந்தால் பத்துப் பேர்தான் இருக்கிறார்கள்.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு இது என் கண்ணில் பட்டது. 'தூக்குவண்டி ஓட்டுநர்', அதாவது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், என்ற தொழில் வகைக்கு நேரே, திரையில் 11. அதைத் தட்டினால் விரியும் பட்டியலில் பத்து முகங்கள். மூன்று தடவை எண்ணினேன். மூன்றாவது தடவை கண்ணாடித் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு முகமாகத் தொட்டு எண்ணினேன். எனக்கு உடனே மூக்கு வேர்த்துவிட்டது. எவனோ கைவைத்திருக்கிறான்.

எங்களுடையது பெரிய சரக்குக் கிடங்கு. முன்னூற்றுப் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அதில் யார் யார் என்னென்ன வேலை என்று சொல்கிற ஆள் நான். மனிதவளப் பிரிவில், தெருவைப் பார்த்த மாடி அறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. எனக்குப் 'பட்டியல்' என்று பட்டப்பெயர். "பட்டியல் வருது, பேச்சை மாத்து" என்று மாடிப்படியில் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அதனால் என்னிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம், எனக்குத் திரை போதும்.

இந்தத் திரையை ஒழுங்குக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாப்ட்வேர் வருவதற்கு முன்பு, 'வேலை' என்ற கட்டத்தில் அவரவர் வாய்க்கு வந்ததை எழுதி வைத்திருந்தார்கள். ஏற்றி இறக்குகிற ஒரே வேலைக்கு லோடர், லோடிங், மூட்டை தூக்குபவர், சுமை ஆள் என்று நான்கு பெயர். ஒருவர் 'எல்லாமும்' என்று எழுதியிருந்தார். இன்னொரு புண்ணியவான் 'மேனேஜருக்கு வேண்டியவர்' என்றே எழுதியிருந்தார். நான்கு மாதம் உட்கார்ந்து, சண்டை போட்டு, கெட்ட பெயர் வாங்கி, அத்தனையையும் பதினான்கு வகைக்குள் அடக்கினேன். இன்று ஒருவர் எந்த வகையோ அதை வைத்துத்தான் அவருக்கு என்ன காலணி, என்ன மருத்துவச் சோதனை, எந்தக் கதவு திறக்கும், அவருடைய அட்டையைக் காட்டினால் எந்த வண்டி கிளம்பும் என்பதெல்லாம். வகை மாறினால் ஆளே மாறின மாதிரி.

வருடத்துக்கு ஒரு முறை, எந்த வகையில் எத்தனை பேர் என்ற கணக்கைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். 'மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி கெடு. மேனேஜர் வெளிநாடு போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். இந்த மாதிரி வேலையெல்லாம் அவர் இல்லாத வாரம்தானே நடக்கும்!

யார் செய்திருக்க முடியும்? வகையை மாற்றும் உரிமை இந்தக் கட்டடத்தில் மூன்று பேருக்குத்தான். மேனேஜர், நான், டைம் ஆபீஸ் அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மனிதவளப் பிரிவிலேயே வருகைப் பதிவைப் பார்த்துக்கொள்கிறவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் மதிய இடைவேளையில், இங்கேயே வேலை செய்யும் தன் தங்கை மகனுடைய பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னவோ தட்டிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன். "ரத்த வகையைத் தப்பா போட்டுருக்காங்க தம்பி, திருத்துறேன்" என்றார். சாப்பாட்டு நேரத்தில் ரத்த வகை! யார் காதில் பூ சுற்றுகிறார்? அன்றைக்கே சாப்ட்வேர்க்காரர்களுக்கு எழுதினேன். மனிதவளப் பிரிவில் இருக்கும் யாரும் தன் நெருங்கிய உறவினரின் பதிவைத் திறக்கவோ பார்க்கவோ முடியக் கூடாது. பட்டியலில்கூட அவர்கள் தெரியக் கூடாது. அப்படியே செய்து கொடுத்தார்கள். அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ரத்த வகை உண்மையிலேயே தப்பாகத்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. அதற்காக விதி தப்பாகிவிடாது.

அந்த விதி எனக்கும் சேர்த்துத்தான். என் மனைவி இதே கிடங்கில், பின்பக்கக் கட்டடத்தில், பேக்கிங்கில் இருக்கிறாள். அவள் காலை ஆறு முதல் இரண்டு. நான் ஒன்பது முதல் ஐந்தரை. ஆகவே பேக்கிங் வகையில் எண்ணிக்கை 64 என்று காட்டும், எனக்கு விரியும் பட்டியலில் 63 பேர்தான் தெரிவார்கள். தெரியாத அந்த ஒருத்தி என் வீட்டுக்காரி. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ஊரில் எவன் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்வான்?

சரி, பதினொன்றுக்கு வருவோம். நேரடியாகக் கேட்டால் எந்தத் திருடனும் உஷாராகிவிடுவான். அக்காவிடம் போய்ச் சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"என்னக்கா, வண்டி ஓட்டுறவங்க கூடிட்டாங்க போல?"

அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றால், அரை நிமிடம் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாததா தம்பி?" என்றார். பிறகு உதட்டை மடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

இது ஒரு பதிலா? எனக்குச் சந்தேகம் ஊர்ஜிதமானது. அடுத்து, சரக்கு ஏற்றும் மேடையின் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். உங்களிடம் எத்தனை ஓட்டுநர் என்று அலட்சியமாகக் கேட்டேன்.

"பதினொண்ணு சார்."

"அப்படியா."

"என்ன சார், உங்களுக்கே தெரியாத மாதிரி கேக்குறீங்க?" என்று சிரித்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரித்தது கேட்டது. வேலைக்கே வராத ஒரு ஆளை வந்ததாகக் காட்டுகிறார்கள், அதற்கு எல்லோரும் உடந்தை, கடைசியில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்வது நான். போனைப் படக்கென்று வைத்தேன். கோபத்தில்தான்.

கீழே இறங்கிப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் கீழே போவதில்லை. தூசி எனக்கு ஆகாது. தும்மல் பிடித்தால் இரண்டு நாள் நிற்காது. தவிர, போய்ப் பார்த்தால் எவனையாவது பிடித்து வந்து பதினோராவது ஆளாக முன்னால் நிறுத்துவார்கள். ஆட்களை நம்பி நான் வேலை செய்வதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் அவளிடம் சொன்னேன். அவள் கட்டிலில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் நான் வரும்போது அவள் கால் இரண்டும் வெந்நீர் பேசினுக்குள் இருக்கும். சில மாதமாக அந்தப் பேசின் குளியலறையில் குப்புறக் கிடக்கிறது. ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். "செருப்பு மாத்திட்டேன், வலி இல்ல" என்றாள். வாசலுக்குப் போய்ச் செருப்பைப் புரட்டிப் பார்த்தேன், அதே பழைய செருப்பு. அப்போதே அது எனக்கு உறுத்தியது. ஆனால் கால் வலி இல்லை என்பதை எல்லாம் ஒரு குற்றமாக எடுத்து விசாரிக்க முடியுமா?

"ஒரு போலி டிரைவரை உள்ள சொருகியிருக்காங்க" என்றேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டை அப்படியே நின்றது. "போலின்னு எப்படித் தெரியும்?"

"பட்டியல்ல ஆள் இல்ல. எண்ணிக்கைல மட்டும் இருக்கு. அப்ப போலிதானே?"

"கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"கண்டுபிடிக்கவே வேணாம். எனக்குத் தெரியுற பத்துப் பேரை மட்டும் சரின்னு போட்டுட்டு, மிச்சத்தை நிறுத்துன்னு ஒரு தட்டு தட்டினாப் போதும். அட்டை செத்துரும். எவனா இருந்தாலும் தானா என் மேஜைக்கு வருவான்."

"யாருன்னு கேக்காமலா?"

"கேட்டா உஷாராயிடுவாங்க."

அவள் சட்டையை மடித்து முடித்தாள், அடுக்கின் மேல் வைத்தாள், மேலே கையை வைத்து அமுக்கினாள். "ஒரு தடவை யாரையாவது வாயைத் திறந்து கேட்டுத்தான் பாருங்களேன். என்னைக்கூடக் கேக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்னையா? நீ பேக்கிங். வண்டி சமாச்சாரம் உனக்கு என்ன தெரியும்?"

அவள் துணி அடுக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வண்டி சமாச்சாரம் என்று நான் சொல்லியிருக்கக் கூடாதுதான். அதில் எங்களுக்குள் ஒரு பழைய கதை இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு தூக்குவண்டிப் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது அவளும் விண்ணப்பம் எழுதி, "நீங்களே மேனேஜர்கிட்ட குடுத்துடுங்க" என்று என் கையில் கொடுத்தாள். நான் கொடுக்கவில்லை. மடித்தபடியே என் மேஜையின் அடி டிராயரில் போட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து "மேனேஜர் வேண்டாம்னுட்டார்" என்று சொன்னேன். அந்த மேடையில் பத்து ஆண்கள். டீ நேரத்தில் அவர்கள் பேசும் பேச்சும் அடிக்கும் கூத்தும் எனக்குத் தெரியும். அங்கே என் மனைவி எதற்கு? அவளுக்கு எதற்கு அந்த ஆசை வந்தது, யார் கிளப்பிவிட்டது என்று ஒரு மாதம் யோசித்தேன். ஒரு பெயரும் கிடைக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி வரை காத்திருந்தேன். யாரும் தானாக வந்து ஒப்புக்கொள்ளவில்லை. பத்து முகங்களுக்கும் பக்கத்தில் ஒவ்வொன்றாக 'சரிபார்க்கப்பட்டது' என்று குறியிட்டேன். பிறகு கீழே இருந்த பொத்தானை அழுத்தினேன். 'இவ்வகையில் சரிபார்க்கப்படாத அனைவரையும் நிறுத்து.' உறுதியாகவா என்று கேட்டது. உறுதியாக.

'ஒரு ஊழியர் நிறுத்தப்பட்டார்' என்று வந்தது. அந்த வரியை நான் நிதானமாக ரசித்துப் படித்தேன். வாடா, இப்போது வா.

மணி பதினொன்று பத்து. மற்ற வகைகளையும் ஒரு ஓட்டம் பார்த்து முடித்துவிடலாம் என்று வரிசையாகத் திறந்தேன். காவல் ஏழு, ஏழு. துப்புரவு இருபத்திரண்டு, இருபத்திரண்டு. பேக்கிங் அறுபத்து மூன்று. விரித்தேன். அறுபத்து மூன்று முகங்கள்.

அடடே, கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன்.

பிறகுதான் உறைத்தது. அது பொருந்தவே கூடாது. இரண்டு வருடமாக அதில் ஒன்று குறைய வேண்டும். குறைவதுதான் சரி. பேக்கிங்கில் எனக்குத் தெரியாத ஆள் என்று இப்போது யாருமே இல்லை. எனக்குத் தெரியாமல் இருக்கிற ஒரே ஒரு ஆள் வேறு இடத்தில் இருக்கிறாள்.

மேஜையில் போன் அடித்தது. மேடை சூப்பர்வைசர்.

"சார், ஒரு வண்டி பாதியில நின்னு போச்சு. அரை மணிக்கு ஒரு தடவை அட்டை காட்டணும்ல, காட்டினா செவப்பு எரியுது. சரக்கு மேல தூக்கினபடி நிக்குது சார், எறக்கவும் முடியல. பின்னாடி மூணு லாரி. உங்க வீட்டுல..." என்று இழுத்தான். "மேடம் உங்களுக்குப் போன் பண்ண வேணாம்னாங்க. நான்தான் பண்றேன்."

அவளுடைய ஊழியர் எண்ணைத் தட்டினேன். 'இந்தப் பதிவைக் காண உங்களுக்கு அனுமதி இல்லை.' மறுபடி தட்டினேன். அதே வரி. மொத்தமாக நிறுத்த எனக்கு உரிமை உண்டு. நிறுத்திய ஒருவரைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் அவருடைய பதிவைத் திறந்தாக வேண்டும். அதைத் திறக்க முடியாதபடி எழுதி வாங்கியவன் நான். மேனேஜரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

டைம் ஆபீஸுக்கு ஓடினேன். பதினாறு வருடத்தில் அந்த நடையில் நான் ஓடியதில்லை.

"அக்கா, ஒரு பதிவைத் திறக்கணும்."

"யாரோடது?"

"உங்களுக்குத் தெரியும்கா."

"சொல்லுங்க தம்பி. யாரோடதுன்னு கேக்காம நான் எதையும் திறக்கக் கூடாது. விதி இருக்குல்ல?"

"என் வீட்டுக்காரியோடது."

"என்ன வகை?"

அக்கா விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "தூக்குவண்டி ஓட்டுநர்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. மூன்று தட்டு. 'நிறுத்தம் நீக்கப்பட்டது.' அவருடைய திரை என் பக்கம் பாதி திரும்பியிருந்தது. என் மனைவி மஞ்சள் தலைக்கவசத்தோடு அதில் இருந்தாள். போட்டோவுக்காக உம்மென்று இருக்க முயன்று தோற்றுப்போன முகம். வகை மாற்றம் நடந்து ஏழு மாதம். ஒப்புதல், மேனேஜர். பயிற்சித் தேர்வில் முதலிடம்.

"ஏன்கா என்கிட்ட சொல்லல?"

"புதன்கிழமை வந்தீங்களே, அப்ப யாருன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்க வரல. வேவு பார்க்க வந்தீங்க."

பின்பக்கக் கட்டடத்துக்கு இறங்கிப் போனேன். தூசி மூக்கில் ஏறியது. மேடையின் நடுவில் வண்டி நின்றது. அதன் இரண்டு இரும்புக் கரங்களும் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே பெட்டிகளை ஏந்திக்கொண்டிருந்தன. அவள் இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள். நான் மூன்று வருடமாகச் சந்தேகப்பட்ட அந்தப் பத்துப் பேர் யாரும் கூத்தடிக்கவில்லை, சிரிக்கவில்லை. ஒருவர் அவள் குடிப்பதற்குத் தண்ணீர் பாட்டிலை எட்டி நீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வழி விட்டு விலகினார்கள்.

"இப்ப காட்டிப் பாரு" என்றேன்.

அட்டையைக் காட்டினாள். பச்சை எரிந்தது. அவள் முதலில் சரக்கைப் பதமாக, ஒரு பெட்டிகூட அசையாமல், கீழே இறக்கி வைத்தாள். அதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பிசிறு இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது.

"மேனேஜர் வேணாம்னுட்டார்னு சொன்னீங்க" என்றாள், என்னைப் பார்க்காமலே. குரலை உயர்த்தவில்லை. "போன வருஷம் அவரையே நேர்ல பார்த்துக் கேட்டேன். அப்படி ஒரு தாளே என்கிட்ட வரலம்மான்னார்."

"நீ அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்." இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "நேத்து சாயங்காலம்கூடப் பார்த்தேன்."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். தும்மல்தான் வந்தது.

"தரையில மஞ்சக் கோடு இருக்குல்ல, அதுக்குள்ள நிக்கக் கூடாது" என்றாள். "தள்ளுங்க."

தள்ளி நின்றேன். வண்டி என்னைத் தாண்டி லாரிக்குள் போனது.

மேலே வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. படிவத்தைத் திறந்தேன். தூக்குவண்டி ஓட்டுநர், மொத்தம் 11. ஆண் 10. பெண் என்ற கட்டத்தில் போன வருடம் வரை பூஜ்ஜியம் இருந்தது. ஒன்று என்று போட்டேன். உண்மை என உறுதி கூறுகிறேன் என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. அடி டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன்.

இந்த மூன்று வருடத்தில் அதை நான் பிரித்ததே இல்லை. என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத்தான் தெரியுமே! அவளுடைய கோழிக்கிறுக்கல் இல்லை அது. கோடு போட்டு, நிதானமாக எழுதிய எழுத்து. 'இந்தத் தொழில் வகைக்கு மாற விரும்பும் காரணம்' என்ற கட்டத்தில் ஐந்து வரி இருந்தது.

'பேக்கிங்கில் எட்டு மணி நேரம் நின்று நின்று இரண்டு காலும் வீங்கிவிடுகிறது. தினமும் வெந்நீரில் வைத்தால்தான் தூங்க முடிகிறது. உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தால் நன்றாகச் செய்வேன். நான் சொல்வது உண்மை என்பது மனிதவளப் பிரிவில் இருக்கும் என் கணவருக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் அவரைக் கேட்கவும்.'